முடி கொட்டுவதற்குக் காரணம்

அத்தானுக்கு,

நீங்கள் துபாயிலிருந்து கொடுத்துவிட்ட தலை எண்ணெய் வந்து சேர்ந்தது. நான் அதைத் திறக்கவில்லை.

சீப்பை வைத்தாலே முடி கொத்தாகக் கையோடு வருகிறது. திசையன்விளைத் தண்ணீரின் உப்பு என்றார்கள் அத்தை. பிறகு நான் போடுகிற ஷாம்பு என்றார்கள். "சோத்துலயும் முடி கெடக்கு, இவளுக்கு மொட்டையடிச்சாத்தான் சரிப்படும்" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார்கள். கடைசியில் பாளையங்கோட்டைக்கு ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார்கள்.

டாக்டரம்மா முடியை இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்போ கிட்டத்துல பிரசவம் ஆச்சாம்மா?" என்று கேட்டார்கள்.

நான் வாய் திறக்குமுன் அத்தை, "அதெல்லாம் இன்னும் இல்ல டாக்டர். மவன் வெளிநாட்டுல இருக்காம்லா" என்று சிரித்தார்கள். இறந்து பிறந்ததை வெளியே சொன்னால் அடுத்ததும் தங்காதாம்.

அப்படியானால் ரத்தக் குறைவாக இருக்கும் என்று டாக்டரம்மா மாத்திரை எழுதினார்கள்.

அத்தை மருந்து வாங்க நின்றபோது நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். "மூணு மாசம் முன்ன ஒண்ணு பொறந்துச்சு டாக்டர். அழவே இல்ல" என்றேன்.

"அதாம்மா காரணம். பிள்ள தங்குனாலும் தங்காட்டாலும் பெத்த உடம்புக்கு இப்படிக் கொட்டும். தானா வளந்துரும்" என்றார்கள். பிறகு பேனாவை வைத்துவிட்டு, "என்ன பிள்ள?" என்று கேட்டார்கள்.

அத்தான், அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. உங்கள் மூன்று கடிதத்திலும் இல்லை.

பெண். உங்கள் மூக்கு. தலை நிறைய முடி இருந்தது.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்