ஏகாம்பரம் சொன்ன பொய்

12.8.1974, திங்கள். செங்கல்பட்டு.

ஷெட்டில் நானும் ஏகாம்பரமும் பஸ்ஸின் அடிப்பாகத்தைக் கழுவினோம். தண்ணீரும் கம்ப்ரஸர் காற்றும் ஒரே குழாயில் சேர்ந்து பீய்ச்சும். அவன் குழாயைப் பிடிப்பதற்குள் நான் காற்றைத் திறந்துவிட்டேன். குழாய் துள்ளி அவன் இடது கண்ணில் அடித்தது.

முதலாளி ஓடி வந்தார். நான் வாய் திறப்பதற்குள் ஏகாம்பரமே சொன்னான்: "நான்தான் தொறக்கச் சொன்னேன். கை நழுவிடுச்சி." திறக்கும்படி அவன் சொல்லவே இல்லை.

நான்தான் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். கண் பிழைப்பது சந்தேகம் என்கிறார் டாக்டர். அவன் மனைவி என்னைக் கும்பிட்டாள். "நீ தூக்கினு வரலன்னா இன்னா ஆயிருக்கும் அண்ணாத்த?"

அவள் வெளியே போனதும் என் கையைப் பிடித்தான். "உனக்கு மூணு புள்ளைங்க. வேல போயிட்டா இன்னா பண்ணுவ? நாளைக்கு லீவு போட்டுடாத, சந்தேகப்படுவாங்க."

இனி உண்மையைச் சொன்னால் அவனும் பொய்யனாவான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.