சுழிக்குக் கீழே இழுத்த கோடு

இன்று காலை, புதிய சர்க்யூட் போர்டு ஒன்றின் சிக்னலைக் கணினியில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் விரிந்து கிடக்கும் கிரவுண்ட் செம்பில் யாரோ நீளமாக ஒரு வெட்டு விட்டிருந்தார்கள். மேலே போகிற சிக்னல் அந்த வெட்டை நேராகத் தாண்டிவிடுகிறது. அடியில் திரும்பி வருகிற மின்சாரத்தால் தாண்ட முடியவில்லை. வெட்டின் முனைவரை போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறது. அந்த முனையைத் திரை சிவப்பாகக் காட்டியது. "அடப் பாவி மனுசா!" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சொன்னது உன்னைத்தான். சிரித்து முடித்த பிறகுதான் இதைக் கேட்க நீ இல்லையே என்பது உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் நாம் சேர்ந்து ரேடியோ பழுது பார்த்த கடை உனக்கு மறந்திருக்காது. பனவடலிசத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து நீதான் கதவைத் திறப்பாய். பின்தெருத் தறிச் சத்தத்தை மீறி நாள் முழுக்கக் கத்தித்தான் பேசிக்கொள்வோம்.

எங்கள் சபையில் பிள்ளைகளுக்கான வேத வினாடி வினா அந்த முறை சண்டையில் முடிந்திருந்தது. எங்கள் பிள்ளைதான் முதலில் கை தூக்கியது என்று பெற்றோர்கள் மல்லுக்கு நின்றார்கள். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் கடைக்கே வந்துவிட்டார். "பட்டன அமுக்குனா யாரு முதல்லன்னு லைட்டு காட்டுத மாதிரி ஒண்ணு செய்ய முடியுமா தம்பி?" நான் யோசித்து வாயைத் திறப்பதற்குள் நீ, "அடுத்த போட்டிக்குச் செஞ்சிருவோம் ஐயரே" என்றுவிட்டாய். உனக்கு எப்போதும் நாக்குதான் முதலில்.

மதுரையிலிருந்து இருபக்கமும் செம்பு ஒட்டிய போர்டு வாங்கி வந்தோம். ஒரு பக்கம் சிக்னல் கோடுகள், மறுபக்கம் முழுக்க கிரவுண்ட். செம்பு நிற்க வேண்டிய இடத்தில் எனாமல் பெயிண்ட் பூசிவிட்டு ஃபெரிக் குளோரைடில் முக்கினால், பூசாத செம்பை அது தின்றுவிடும். பூசுகிற வேலை உனக்கு. காய்ந்ததும் காம்பஸ் முனையால் கிரவுண்ட் பக்கத்துப் பெயிண்டிலேயே பிள்ளையார் சுழி கீறினாய். பில் புத்தகத்தில்கூட சுழி போடாமல் எழுதாத ஆள் நீ. நம்முடைய முதல் சொந்த போர்டு என்பதால் பெரிதாகவே போட்டாய். கீழே ஒரு கோடு, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்குக் கிட்டத்தட்ட. கீறிய இடமெல்லாம் செம்பு கரைந்து, சுழி அழகாகத்தான் வந்தது.

போட்டியில் மேசைக்கு ஒரு பட்டன், ஒரு விளக்கு. ஓட்டிப் பார்த்தால், மூன்றாம் மேசைப் பட்டனை அமுக்க ஐந்தாம் மேசை விளக்கு எரிந்தது. எப்போதும் அல்ல, நினைத்தபோது. நீ ஐசியை மாற்றினாய், வயரை மாற்றினாய், பற்றவைப்பையெல்லாம் பிரித்து மறுபடி வைத்தாய். "இது போர்டா, பேய் பிடிச்ச புள்ளையா?" என்று பற்றவைக்கிற அயனைத் தூக்கி வைத்தாய். போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

நான் போர்டைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாம், ஐந்தாம் மேசைகளின் சிக்னல் கோடுகள் இரண்டும் உன் சுழிக்குக் கீழே இழுத்த கோட்டின் மேலாகப் போயின. திரும்பி வருகிற இரண்டு மின்சாரமும் ஒரே முனையைச் சுற்றினால் ஒன்று மற்றொன்றை உசுப்பாமல் என்ன செய்யும்? கோளாறு புரிந்துவிட்டது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் புரியவில்லை. ஞாயிறுதோறும் சபைக் கோயிலுக்குப் போகிற நான், எங்கள் சபைக்குச் செய்த போர்டில், உன் பிள்ளையாரால்தான் கெட்டது என்று சொல்வதா? "வேதக்காரன் மிஷினுக்குப் பிள்ளையார் சுழியா?" என்று டீக்கடைக்காரர் கேலி செய்ததற்கே நீ அந்தக் கடைப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தாய். நம் கடையையும் அப்படி நிறுத்திவிட்டால்? பயமாகவே இருந்தது எனக்கு.

"இதப் பெருசாக்கிப் பாப்பமா?" என்று மட்டும் கேட்டேன். சின்ன போர்டில் நடப்பது, மின்துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் நம் பழைய ஆசிலாஸ்கோப்பின் கண்ணில் படாத வேகம். அளவைப் பெரிதாக்கினால் வேகமும் அந்த அளவுக்குக் குறையும். இரும்புப் பெட்டி செய்கிறவரிடம் தகரத் தகடுகளை விலைக்கு வாங்கி, ஒட்டிப் பற்றவைத்து, மொட்டைமாடியில் விரித்தோம். தறிக்காரர்களிடம் வாங்கிய, நூல் சுற்றும் காலி பாபின்களின் மேல் இரண்டு செம்புக் கம்பிகளை இழுத்துக் கட்டினோம். அடிப்பக்கம் எப்படியோ அப்படியே வெட்டு என்று போர்டை உன் கையில் கொடுத்தேன். நீ சுழியின் வளைவை விட்டுவிட்டு, கோட்டை மட்டும் கத்திரியால் வெட்டினாய்.

ஒரு கம்பியில் துடிப்பைக் கொடுத்தோம். எதுவும் கொடுக்காத மற்றக் கம்பியில் ஆசிலாஸ்கோப்பை வைத்தால், திரையில் பச்சைக் கோடு துள்ளியது. நீ ஒரு தகரத் துண்டை வெட்டின் மேல் போட்டு மிதித்தாய். அடங்கியது. காலை எடுத்தாய். துள்ளியது. மிதித்தும் எடுத்தும் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏலே, இது நான் இழுத்த கோடுல்லா?"

"ம்."

"ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" உன் குரல் ஏறிவிட்டது. "டீக்கடைக்காரன் சொன்னா எனக்குக் கோவம் வரும். நீ சொன்னா ஏம்லே வரப் போகுது?"

சுருக்கென்று தைத்தது. குனிந்து பாபின்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் நீயே சிரித்துவிட்டாய். "வினையத் தீருமய்யான்னு கூப்பிட்டா, நடு ரோட்டுல உக்காந்து வழிய மறிக்காரு பாரேன்!"

அன்றைக்கே கோட்டின் மேல் செம்புப் பட்டை வைத்துப் பற்றவைத்தாய். போட்டியன்று அமுக்கியவருக்கே விளக்கு எரிந்தது. சண்டைக்கு எழுந்த ஒரு தகப்பனார் விளக்கைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஐயருக்கு வாயெல்லாம் பல்.

அதைப் பார்த்துப் புளியங்குடி சபையும் ஒன்று கேட்டது. அந்த போர்டுக்குப் பெயிண்ட் பூசியதும், கோடு எதுவும் போகாத ஒரு மூலையைக் காட்டிக் காம்பஸை என்னிடம் நீட்டினாய்.

"நீ போடு. நான் போட்டா கை கோட்ட இழுத்துக்கிட்டே போகும்."

"நானா?"

"ஏன், கை தேஞ்சா போயிரும்?"

கீறினேன். நீ குனிந்து பார்த்துவிட்டு, "பிள்ளையாருக்கு வயிறு வத்திப் போச்சுலே. சரி, இருக்கட்டும்" என்றாய். அதற்குப் பிறகு கடையை மூடும்வரை நம் போர்டுகளில் சுழி போட்டது நான்தான்.

இன்று வெட்டைச் செம்பால் நிரப்பி மறுபடி ஓட்டினேன். சிவப்பு போய்விட்டது. அப்புறம், எந்தக் கோடும் போகாத மூலையாகப் பார்த்து ஒரு சுழி போட்டேன். நான் பார்க்கிற எல்லா போர்டிலும் போடுகிறேன். "சார், நீங்க கிறிஸ்டியன்தானே?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். இது என் கூட்டாளி எனக்குக் கொடுத்த வேலை என்பேன். கீழே கோடு இழுப்பதில்லை. வயிறு மட்டும் இன்னும் சரியாக வரவில்லையடா.