நூலால் கட்டிய தாள்கள்

ஹோம்புஷ், சிட்னி, 3 ஏப்ரல் 1977, ஞாயிறு

என் பெயர் அருமைநாதன். வயது எழுபத்தொன்று. இதை நானே எழுதுகிறேன். மேல்மாடி இராஜேஸ்வரி ஐந்து மாதம் சொல்லிக்கொடுத்தாள். நேற்று இந்த நோட்டையும் வாங்கித் தந்து, "ஒவ்வொரு நாளும் ஒரு வரி எண்டாலும் எழுதுங்கோ அங்கிள். எனக்குக் காட்ட வேண்டாம்" என்றாள்.

காரைக்காலில் பிரெஞ்சு அரசாங்க உயர்பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் பியூன் வேலை பார்த்தேன். எத்தனையோ ஆயிரம் நோட்டுகளைத் தூக்கியிருக்கிறேன். ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

இவ்வளவு எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கை வலிக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது.

5 ஏப்ரல்

மழை. எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். ஆமாம், மழைதான்.

11 ஏப்ரல், ஈஸ்டர் திங்கள்

மோகனதாஸ் வந்தான். எங்கள் பள்ளியில் படித்தவன். சைகோனில் இருபது வருஷம் பிரெஞ்சு வாத்தியார். எழுபத்தைந்தில் கம்யூனிஸ்டுகள் ஊரைப் பிடித்தபோது கட்டின துணியோடு வெளியேறினான். இங்கே சிட்னியில் ரயில் பெட்டி கழுவுகிறான். இப்போது ஒரு அரசாங்கப் பள்ளியில் பிரெஞ்சு சொல்லித்தர அவனை எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்களாம். காரைக்காலில் படித்துத் தேறினான் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். மே மாதக் கடைசி வரை தவணை. பள்ளிக்கு எழுதிக் கேட்டான். பதிலுக்குப் பள்ளியின் நூற்றாண்டு மலர் வந்திருக்கிறது.

"என் பேர் இருக்கான்னு பார்த்தேன், இல்ல. நீங்க பாருங்கண்ணே, இப்பதான் படிக்கிறீங்களாமே" என்று சிரித்தான்.

தமிழ்ப் பகுதியை நான் படித்தேன். பள்ளியைத் தொடங்கிய துரை பெயர், கூரை மாற்றிய வருஷம், எல்லாம் இருக்கிறது. புகழ்பெற்ற பழைய மாணவர்கள் மட்டும் எட்டுப் பக்கம். ஒரு நீதிபதி. ஒரு கப்பல் டாக்டர். மடகாஸ்கரில் பெரிய அதிகாரியாக இருந்த ஒருவர் – அவர் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு என் மணிக்கயிற்றில் தொங்குவார். காதைத் திருகி இறக்கிவிடுவேன். இதைச் சொன்னதும் மோகனதாஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

பிறகு இந்த வரி. "1940 முதல் 1946 வரையிலான மாணவர் பதிவேடுகள் புயலில் அழிந்துவிட்டன." விரல் வைத்து இரண்டு தரம் படித்தேன்.

மோகனதாஸ் போன பிறகும் அந்தப் பக்கத்தை மூடவில்லை.

12 ஏப்ரல்

புயல் இல்லை. நான்தான்.

14 ஏப்ரல்

ஐம்பத்துநாலில் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போகிற நேரம். பழைய பரீட்சைத் தாள்களை எல்லாம் கொளுத்திவிடு, பதிவேடுகளை அலமாரியில் வை என்றார் தலைமை ஆசிரியர். பதிவேடு என்றால் தோல் அட்டை போட்டுத் தைத்தது. பரீட்சைத் தாள் என்றால் நூலால் கட்டியது. படிக்கத் தெரியாத எனக்கு அதுதான் அடையாளம். அது வரைக்கும் ஒரு தடவையும் தப்பியதில்லை.

சண்டைக் காலத்தில் பிரான்சிலிருந்து தோல் அட்டை வரவில்லை. அந்த ஏழு வருஷமும் குமாஸ்தா உதிரித் தாளில் பெயர் எழுதி நூலால் கட்டி வைத்திருந்தார். எனக்கு யார் சொன்னார்கள்? விடுதிக் குசினி அடுப்பில் இரண்டு நாள் எரித்தேன். நன்றாக எரிந்தது.

மறு மாதம் குமாஸ்தா தேடு தேடு என்று தேடினார். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவரே புயல் என்று எழுதிக்கொண்டார்.

பிள்ளைக்குட்டிக்காரன். வேலை போய்விடும். வேறென்ன செய்திருப்பேன்? தெரியவில்லை.

23 ஏப்ரல்

எழுதவில்லை. படிக்காமலே இருந்திருக்கலாம்.

1 மே

சொல்லிவிட்டேன். மோகனதாஸிடம், எல்லாவற்றையும். என் மகள் செல்வராணி வைத்த காப்பி ஆறிப்போயிற்று.

அவன் வகுப்பில் முப்பத்தொரு பேர். தினம் காலையில் வாத்தியார் பெயர் கூப்பிடும்போது நான் வராந்தாவில் நிற்பேன், வந்தவர் கணக்கைத் தலைமை ஆசிரியருக்குச் சொல்ல. அந்த வரிசை இன்னும் என் காதில் இருக்கிறது. அவன் எதிரிலேயே சொன்னேன். பதினொன்றாவதாக அவன் பெயர். முப்பத்தொன்றையும் சொல்லி முடித்தேன். பரீட்சை முடிவு வாசித்த அன்று அவன் தேறியதையும் கேட்டவன் நான்.

"இதை எழுதிக் குடுங்கண்ணே. உங்க கையால" என்றான்.

செல்வராணி குறுக்கே வந்தாள். "அப்பா, பேரை மட்டும் எழுதுங்க. பதிவேடு புயல்ல போச்சுன்னே இருக்கட்டும். புத்தகத்துலயே அச்சுல இருக்கு."

மாட்டேன் என்றேன். மோகனதாஸும், "எரிச்சவரே சொன்னா அதுக்கு மேல சாட்சி ஏதும்மா?" என்றான்.

10 மே

மருந்துக்கடைக்காரருக்குச் சத்தியக் கையெழுத்து வாங்கும் அதிகாரம் இருக்கிறது. செல்வராணி எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதினாள். என் பெயர்ப் பட்டியலையும் அதோடு சேர்த்தோம். எட்டு நாள் எழுதிய பட்டியல். அவர் மைப்பெட்டியைத் திறந்து என் கட்டைவிரலைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அருமைநாதன் என்று எழுதினேன். அவர் கை கொடுத்தார்.

வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

2 ஜூன்

கல்வி இலாகாவின் கடிதம் வந்துவிட்டது. மோகனதாஸ் வாசலிலேயே நின்று தமிழில் சொன்னான். எரித்தவருக்கு அந்தக் காலத்தில் படிக்கத் தெரியாது என்று அவரே சத்தியம் செய்திருக்கிறார். அப்படியானால் எரித்தது பதிவேடுதான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பள்ளியின் சொந்தப் புத்தகமோ புயல் என்கிறது. ஆகவே ஏற்பதற்கில்லை.

உள்ளே வா என்றேன். வரவில்லை.

"புயல்னே விட்டிருக்கலாம் அருமை" என்றான்.

இந்த ஊரில் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். பியூனை எல்லாரும் கூப்பிட்ட மாதிரி அருமை என்று கூப்பிட்டது அவன் அரைக்கால் சட்டை போட்ட நாளில்.

3 ஜூன்

குமாஸ்தா தேடினார் என்பதை நான் எழுதச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? வெட்கமா? அதைச் சொல்லியிருந்தால்?

19 ஜூன்

மோகனதாஸ் மெல்போர்னுக்குப் போய்விட்டானாம். கார் தொழிற்சாலையில் வேலையாம். இராஜேஸ்வரிதான் யாரிடமோ கேட்டுவந்து சொன்னாள். "எங்களுக்கும் சொல்லேல்லை அங்கிள்."

27 ஜூன்

கொடுத்த காகிதங்களைத் திருப்பித் தரமாட்டார்களாம். அவர்கள் கோப்பில் இருக்குமாம். செல்வராணி நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். பட்டியலுக்கு நகல் எடுக்கவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

14 ஜூலை

பெயர்களைத் திரும்பவும் எழுத உட்கார்ந்தேன். முன்பெல்லாம் கண்ணை மூடினால் வாத்தியார் கூப்பிடுவது கேட்கும். எழுதி முடித்த பிறகு கேட்பதில்லை. என் கையெழுத்துத்தான் தெரிகிறது, அதுவும் மங்கலாக.

பத்து வரைக்கும் தட்டுத்தடுமாறி வந்தேன். பதினொன்று, மோகனதாஸ். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.