வெறும் வயிற்றோடு தூக்காதே

மகளே,

நீ கேட்ட பான்கேக் மாவு பச்சை மூடிப் பாத்திரத்தில் இருக்கிறது. முட்டை, ஓட்ஸ், வாழைப்பழம், தயிர் எல்லாம் போட்டாயிற்று. சிமெண்ட் கலக்குகிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? முதல் தடவை உன் புரோட்டீன் பவுடரை அள்ளிக் கொட்டிவிட்டேன், செங்கல் மாதிரி வந்தது. அதை நானே தின்று தீர்த்தேன். இது நன்றாக வரும். தீயைக் குறைத்து ஊற்று, குமிழ் வெடித்ததும் திருப்பு.

நேற்று வேண்டாமென்று சொன்னது சொன்னதுதான். இத்தனை வருஷம் நான் சுமந்ததே நீ எதையும் சுமக்கக் கூடாது என்றுதான். நீயோ பளுதூக்கும் போட்டி என்று இரும்பைத் தூக்குகிறாய். பட்டினியாகப் படுத்தால் இறங்கி வந்துவிடுவேனா?

சாவி ஜன்னலோரம்.

பின்குறிப்பு: தூக்குவதென்று ஆகிவிட்டது, தின்றுவிட்டுத் தூக்கு. மத்தியானம் லீவு சொல்லிவிட்டேன், போட்டிக்கு வருவேன். வந்ததால் ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதே. முன் வரிசையில் இடம் பிடித்து வை.

அம்மா