ஒரு தடவைக்கு ஒரு வலி

அன்புள்ள அம்மா,

ஆசி வாங்க உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். முட்டிவலி எப்படி இருக்கிறது? நம் ஊர் இலோய்லோவில் மழை விட்டதா? இங்கே கனடாவில், வின்னிபெக்கில் பனி கொட்டுகிறது; நான் நலம்.

எங்கள் கிளினிக்குக்குப் புதிதாக வந்த மேலாளர் ஷெரில், ‘ஒரு தடவைக்கு ஒரு வலி மட்டும்’ என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறார். நேற்று, வெகுகாலமாக எங்களிடம் வரும் பெரியவர் கோவல்ச்சுக் டாக்டரிடம் முதுகுவலியைக் காட்டிவிட்டுக் கிளம்பினார். கோட்டு மாட்டும்போது இடது கையைத் தேய்த்துக்கொண்டே நின்றார். முகமெல்லாம் வியர்வை.

“கையில என்ன?” என்று கேட்டேன்.

“அது அடுத்த தடவைக்கு, தாயி. இன்னிக்கு முதுகு மட்டும்தானே? சட்டம்னா சட்டம்தான்.”

பிடித்து உட்காரவைத்து ஈசிஜி எடுத்தேன். “அடுத்த ஆள் காத்துக்கிட்டிருக்காங்க, மரிவிக்!” என்று ஷெரில் கத்தினார். மாரடைப்பேதான். ஆம்புலன்ஸ் வந்தது, பிழைத்துக்கொண்டார்.

இன்று அவர் மனைவி வந்து, “அந்தப் போர்டைக் கழட்டுங்க. இல்லைன்னா எங்க ஃபைலைக் கொடுங்க, வேற இடம் பாத்துக்கறோம்” என்று ஷெரிலிடம் சொல்லிவிட்டுப் போனார். நாளைக் காலை ஷெரில் என்னைத் தன் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

நீங்கள் தேய்க்கும் பச்சைத் தைலம் இரண்டு பாட்டில் அனுப்புங்கள். இங்கே வாங்கியதில் உங்கள் வாசனை இல்லை.

நான் ஏற வேண்டிய பஸ் வந்துவிட்டது. அம்மா, போனில் முட்டிவலியை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். மற்றதையும் சொல்லுங்கள்.

உங்கள் மரிவிக்