பூட்டை அறுத்த நாளிலிருந்து

நவம்பர் 11, திங்கள்

விடியறதுக்கு முன்னாலேர்ந்து மழை. வடிகால் நிரம்பி வயலுக்குள்ள எதிர்த்து ஏறுது. சம்பாப் பயிர் நுனி மட்டும்தான் வெளியில தெரியுதாம். வீட்டுக்காரர் மம்பட்டியோட போயிட்டார். நான் ரெயின்கோட் தேடினதுல பஸ் போச்சு. ஷேர் ஆட்டோ.

பவர் பிளான்ட் நோட்டீஸ் போர்டுல கூட்டம். ஃபீல்டு ஆபரேட்டர், ஒரே ஒரு இடம், பெர்மனென்ட். கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு மட்டும். ஐ.டி.ஐ. வேணும், எனக்கு இருக்கு. அனுபவம் வேணும், கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து இங்கதான் எலக்ட்ரீஷியனா குப்பை கொட்டுறேன். இன்டர்வியூ தஞ்சாவூர்ல.

தேவைப்படும் திறன்கள்னு போட்டிருக்கான்: குழுவாகச் செயல்படுதல். தகவல் தொடர்பு. பாதுகாப்பு உணர்வு. எழுதின மகராசன் ஒரு நாளாவது பாய்லர் பக்கத்துல நின்னிருப்பானா?

நான் எழுதினா இப்படி எழுதுவேன்:
- மோட்டார் சத்தம் மாறினா காது கண்டுபிடிக்கணும்
- வயர் கருகுற வாசனை எதுன்னு மூக்குக்குத் தெரியணும்
- ஏணியில தலை சுத்தக்கூடாது
- பொம்பளைன்னா ஒன்னுக்கு அடக்கத் தெரியணும் (கூலிங் டவர் பக்கம் கக்கூஸ் கிடையாது)
- மேல இருக்கிறவன்கிட்ட "முடியாது சார்"னு சொல்லத் தெரியணும்

முருகையண்ணனும் மனு போட்டிருக்கார். மெக்கானிக்கல் ஃபிட்டர், என்னை மாதிரி கான்ட்ராக்ட்தான். டவர் வேலைன்னா நானும் அவரும்தான் எப்பவும் ஜோடி. நான் கரண்டை நிறுத்திப் பூட்டுவேன், அவர் உள்ள இறங்குவார். "யாருக்குக் கிடைச்சாலும் நம்மள்ல ஒருத்தருக்குத்தானே கலா"ன்னார். நல்ல மனுஷன்னு நெனச்சேன்.

துவரம்பருப்பு, தீப்பெட்டி, கொசுவத்தி வாங்கணும்.

நவம்பர் 12, செவ்வாய்

எழுத்து கோணலா வந்தா வரட்டும்.

மழை விட்டு சுள்ளுன்னு வெயில். கூலிங் டவர் மூணாம் ஃபேன்ல கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகல். ஃபேன்னா நம்ம வீட்டுக் கூடம் அகலத்துக்கு ஃபேன். அண்ணன் இறக்கைக்கு நடுவுல இறங்கி உக்காந்துதான் வேலை பார்க்கணும். எல்.சி., அதாவது கரண்டை நிறுத்தி வேலை பார்க்க எழுதித் தர்ற லைன் கிளியர், என் பேர்ல. பிரேக்கரை வெளியில இழுத்து என் பூட்டைப் போட்டேன். சாவி என் பாக்கெட்டுல.

லைன் கிளியர்னா என்ன? யார் பேர்ல வாங்கினோமோ அவங்களே நேர்ல வந்து, ஆளுங்க எல்லாரும் வெளியில வந்தாச்சுன்னு சொல்லித் திருப்பிக் கொடுக்கணும். வேற யாரும் தரக்கூடாது. அவசரம்னாலும் கூடாது, ஆபீசர்னாலும் கூடாது. மூணாங்கிளாஸ் புள்ளைக்குச் சொன்னாக்கூட விளங்கும்.

பாதி வேலையில ரெண்டாம் ஃபேன் ட்ரிப் ஆகி நின்னுடுச்சு. கரண்டு உற்பத்தி இறங்குது. எங்க ஷிஃப்ட் இன்ஜினியர், ஏ.இ., போன்ல கத்துறார்.

"ஏம்மா, மூணாம் ஃபேன் எல்.சி.யைக் கொடு. உடனே."
"ஆள் மேல இருக்கு சார்."
"எங்க மேல? முருகையன் கேன்டீன்ல டீ குடிச்சிட்டிருக்கான். நானே பார்த்தேன்."
"இருங்க சார், பார்த்துட்டு வர்றேன்."

அவர் பார்த்தது மஞ்சள் சட்டையை. இங்க கான்ட்ராக்ட் ஆளுங்க அத்தனை பேருக்கும் அதே மஞ்சள் சட்டைதான். மூஞ்சியைப் பார்க்கிற வழக்கம் அவருக்கு ஏது?

நான் டவருக்கு ஓடினேன். அந்த நேரத்துல ஏ.இ. பேனல் ரூமுக்கு வந்து, ஹாக்ஸா பிளேடு எடுத்து, தன் கையாலயே என் பூட்டை அறுத்திருக்கார்.

மேல் கதவைத் திறந்தேன். அண்ணன் குனிஞ்சு நட்டு முறுக்கிட்டிருக்கார். ஏன் அப்படிப் பண்ணினேன்னு இப்பவும் தெரியலை. கூப்பிடலை, விளக்கம் சொல்லலை. சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தேன். "என்ன கலா, என்ன?"ன்னுக்கிட்டே வெளியில வந்து விழுந்தார். கதவைக்கூடச் சாத்தலை, அதுக்குள்ள ஃபேன் சுத்திடுச்சு.

அவரோட டூல் பை உள்ளேயே கிடந்துது. டமார். ஒரு இறக்கை நுனி பிஞ்சு போச்சு.

அண்ணன் என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். பெரிய மனுஷன். "எம்மா, எம்மா"ன்னு அது மட்டும்தான் வந்துது வாயில.

பேனல் ரூமுக்குத் திரும்பினா ஏ.இ. பிளேடும் கையுமா நிக்கிறார், அறுத்த பூட்டைக் காணோம். எங்க கடாசினாரோ. கொலைகாரப் பாவி.

நவம்பர் 13, புதன்

தூறல். பருப்பு வேகலை, அப்படியே இறக்கிட்டேன்.

இறக்கை போனதுக்கு விசாரணையாம். மனுஷன் போகப் பார்த்தாரே, அதுக்கு இல்லை.

ஏ.இ. ரூமுக்குக் கூப்பிட்டார். குரல் தேனா ஒழுகுது. "போன்ல நீதானம்மா ஆள் இறங்கியாச்சுன்னு சொன்னே? நீதானே பூட்டைத் திறந்தே?" எனக்குக் காதுல தீ வெச்ச மாதிரி இருந்துது. சாவியை எடுத்துக் காட்டினேன். "பூட்டுன்னா ரெண்டு சாவி இருக்கும்ல"ங்கிறார்.

அப்புறம் ஒன்னு சொன்னார். அப்படியே எழுதி வைக்கிறேன், மறக்கக்கூடாது. "நாத்து பறிச்சிட்டிருந்த குடும்பத்துலேர்ந்து வந்திருக்கே. கிடைச்சதை வெச்சுப் பிழைச்சுக்கோ."

எங்கம்மா நாத்து பறிச்சவதான். அந்தச் சோத்தைத்தானே இவரும் திங்கிறார்?

பூட்டு இல்லை, வேற சாட்சி இல்லை. அண்ணன் உள்ள இருந்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டுல கேட்டேன். "கவலைப்படாதே கலா"ன்னார். என் முகத்தைப் பார்க்கலை. அப்பவே சுருக்குன்னுது.

நவம்பர் 15, வெள்ளி

வெயில். விசாரணை.

பெரிய இன்ஜினியர், அவருக்குப் பக்கத்துல ஏ.இ. எதிர்ல நாங்க ரெண்டு பேரும் நின்னோம். நாற்காலி இருந்துது. உக்காருன்னு யாரும் சொல்லலை.

நடந்ததைச் சொன்னேன். பெரியவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "ஃபேன் சுத்தறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"கீழ வந்துட்டேங்க. டூல் பையை மறந்து வெச்சிட்டு வந்துட்டேன். என் தப்புதாங்க."

"இந்தம்மா எல்.சி. திருப்பிக் கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்கன்னுதான் நெனைக்கிறேங்க."

நெனைக்கிறாராம்! காலரைப் பிடிச்ச இந்தக் கையை வெட்டிக்கலாம் போல இருந்துது. அந்த ரூம்லயே கத்திட்டேன். "அண்ணே, என்னைப் பார்த்துச் சொல்லுங்கண்ணே!" அவர் தரையைப் பார்த்துக்கிட்டே நின்னார். "சத்தம் போடாதம்மா, இது ஆபீஸ்"னு பெரியவர் என்னைத்தான் அதட்டினார்.

நவம்பர் 16, சனி

சமைக்கலை. ஓட்டல் இட்லி.

வீட்டுக்காரர் வயல்லேர்ந்து சேறும் சகதியுமா வந்தார். தண்ணி வடியுதாம், பயிர் தப்பிச்சிடுமாம். நான் எல்லாத்தையும் கொட்டினேன். கேட்டுட்டு, "பூட்டை அன்னிக்கே நீயே திறந்து விட்டிருந்தா இந்த வம்பே இல்லை"ன்னார்.

"திறந்திருந்தா அந்தாளு செத்திருப்பார்."

"ஆமா. இப்ப உசுரோட வந்து உனக்கு எதிரா சாட்சி சொல்றார்."

என்ன பேச்சு இது! தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டேன். ஆனா நாள் பூரா அதேதான் மண்டைக்குள்ள ஓடுது. நானும் ஒரு நிமிஷம் அப்படி நெனச்சேன். நெனச்சதுக்காக என் மேலயும் ஆத்திரம்.

நவம்பர் 18, திங்கள்

இன்டர்வியூ லிஸ்ட் ஒட்டியாச்சு. என் பேர் இல்லை. ஏ.இ. சிபாரிசு பண்ணலை, "பாதுகாப்பு விதிமீறல்". விதியை மீறினது நானாம்!

வேலையை விட்டு எடுக்கலை. எப்படி எடுப்பான்? என்னை விட்டா இந்த ஷிஃப்ட்டுக்கு எலக்ட்ரீஷியன் கிடையாது. மோட்டார் எரிஞ்சா கலா வேணும், பெர்மனென்ட்டுக்குக் கலா வேண்டாம்.

அண்ணன் பேர் இருக்கு.

டவர் பக்கம் எதிர்ல வந்தார். நான் இந்தப் பக்கம் பைப்பைத் தாண்டி இறங்கி, சேத்துல நடந்து போனேன். செருப்பு வார் அறுந்துது. அதுக்கும் அவரையே திட்டினேன்.

நவம்பர் 24, ஞாயிறு

மழை திரும்பவும். துணி காயலை.

அண்ணன் பொண்டாட்டி வசந்தாக்கா வீட்டுக்கே வந்துட்டாங்க. கையில தூக்குவாளி. நாகப்பட்டினத்துலேர்ந்து அவங்க தம்பி கொண்டுவந்த கொடுவா மீனாம். வாசல்லயே நிக்க வெச்சேன். அவங்க நனையறாங்கன்னு அப்புறம்தான் உறைச்சுது. உள்ள வாங்கன்னேன்.

"தூங்கவே மாட்டேங்கிறார் கலா. ராத்திரி எழுந்து உக்காந்துக்கிறார்."

"உக்காரட்டும்க்கா. உக்கார உடம்பு இருக்குல்ல."

அக்கா தலையில வழிஞ்ச தண்ணியைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க. ஏ.இ. கூப்பிட்டு, "நீ உள்ள இருந்தேன்னு சொன்னா என் வேலை போகும், உனக்கும் கிடைக்காது. இல்லேன்னா உனக்குக் கிடைக்கும்"னாராம். பொண்ணு நர்சிங் ரெண்டாம் வருஷம். இவருக்கு வயசு ஆயிடுச்சு, இதை விட்டா இனிமே வாய்ப்பு கிடையாது.

"எனக்கு மட்டும் வருமாக்கா?"ன்னேன்.

"தப்புதான்"னாங்க. அதைக் கேட்டு இன்னும் எரிச்சல். சண்டை போட்டிருந்தா நல்லா நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வாளியைத் திருப்பிக் கொடுக்கணும்னுதான் இருந்தேன். அக்கா வெச்சிட்டுப் போயிட்டாங்க. குழம்பு வெச்சேன். மீன் என்ன பாவம் பண்ணுச்சு? வீட்டுக்காரர் ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டார், எனக்கு இறங்கலை.

டிசம்பர் 4, புதன்

மேகமூட்டம். வேலை அண்ணனுக்கு.

லட்டு வந்துது. எல்லாருக்கும் கொடுத்துட்டு என் டேபிள் மேல ஒன்னு வெச்சிட்டு ஓடிட்டார். கேட்டுக்கு வெளியில இருக்கிற நாய்க்குப் போட்டேன். மோந்து பார்த்துட்டுப் போயிடுச்சு. சிரிப்பு வந்துது. இந்த ஒரு மாசத்துல முதல் சிரிப்பு.

கேன்டீன்ல பேச்சு: "அந்தப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி. அதான் கிடைக்கலை."

வாய் ஜாஸ்தியாம். அன்னிக்கு வாயைத் திறந்து கூப்பிட்டுட்டு நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும். அண்ணன் என்ன ஏதுன்னு கேக்கறதுக்குள்ள கதை முடிஞ்சிருக்கும்.

புதுப் பூட்டு வாங்கணும். பித்தளை வேண்டாம். அறுக்க வராத மாதிரி எதாவது இருக்கான்னு கடையில கேட்டேன். "வீட்டுக்காம்மா?"ன்னான் கடைக்காரன். ஆமான்னுட்டேன்.

டிசம்பர் 11, புதன்

காலைல மழை. அப்புறம் வெளிச்சம். நாத்தங்கா ஊறுகாய் பூசணம் பிடிச்சிடுச்சு, கொட்டினேன்.

மூணாம் ஃபேன் கியர்பாக்ஸ்ல வைப்ரேஷன் சுவிட்ச் மாத்தணும். எலக்ட்ரிக்கல் வேலை, அதனால உள்ள இறங்க வேண்டியது நான். எல்.சி. கொடுக்க வேண்டிய ஆபரேட்டர் யாரு? அண்ணனேதான். பெர்மனென்ட் ஆளுங்க போடற நீலச் சட்டை, புதுசு, மடிப்புக்கூட கலையலை.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பூட்டை நான் போட்டேன். "சாவி?"ன்னு கை நீட்டினார். புது ஆபரேட்டர் தோரணை. நான் பார்த்த பார்வையில கையை இழுத்துக்கிட்டார்.

மேல ஏறி உள்ள இறங்கினேன். இறக்கை தலைக்குப் பக்கத்துல. புதுசா மாத்தின இறக்கை மட்டும் வேற கலர்ல இருக்கு. சுவிட்சைக் கழட்டிட்டிருக்கேன், விசாரணைக்கு அப்புறம் கொடுத்த வாக்கிடாக்கி இடுப்புல கரகரங்குது. ஏ.இ. குரல்.

"முருகையா, மூணாம் ஃபேன் வேணும். எல்.சி.யைத் திருப்பி வாங்கு."

"ஆள் மேல இருக்கு சார்."

"இறங்கியாச்சுய்யா. நான் பார்த்தேன்."

அப்புறம் சத்தமே இல்லை. ஸ்பேனர் கையில அப்படியே நிக்குது. வெளியில ஏறி வந்துடலாம்னா இறக்கையைத் தாண்டணும். கதவு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

"இறங்கலை சார். நான் பேனல் முன்னாடிதான் நிக்கிறேன். பூட்டு போட்டபடி இருக்கு. அந்தப் பொண்ணு வந்து தன் கையால திறந்தாத்தான்."

"என்னய்யா, புதுசா பேசறே?"

"நீங்க எழுத்துல கொடுங்க சார். கொடுத்துட்டு வந்து நீங்களே அறுங்க."

ஏ.இ. டக்குன்னு வாக்கிடாக்கியை அணைச்சிட்டார்.

எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துது. நன்றின்னு யாராவது நெனச்சா செருப்பால அடிப்பேன். ஆத்திரம். இவருக்குப் பேசத் தெரியும்! என்ன சொல்லணும், யார்கிட்ட, எந்த வார்த்தையில, எல்லாம் தெரியும். அன்னிக்கு அந்த ரூம்ல இதுல கால்வாசி சொல்லியிருந்தாப் போதும். சட்டை நீலமானதுக்கு அப்புறம்தான் வாய் வருது. பெர்மனென்ட் ஆனாத்தான் இங்க உண்மை பேச முடியும்னா, நான் எந்தத் தைரியத்துல இத்தனை வருஷம் பேசினேன்?

சுவிட்ச் மாட்டி, வயரைச் சேர்த்து, மூடியும் போட்டுட்டேன். வேலை முடிஞ்சுது. இறங்கலை.

"கலா, முடிஞ்சுதாம்மா?"ன்னு வாக்கிடாக்கில கேட்டார். சட்டைக் கையால மூஞ்சியைத் துடைச்சிட்டு அங்கயே உக்காந்திருந்தேன்.

"கலா... நான் இங்கயேதான் நிக்கிறேன். நீ மெதுவா வா."

நிக்கட்டும்.