சுவிட்சுக்கு மேலே ஒரு ஆணி

சௌமியா,

லோடு ரெடியாம், கிளம்புகிறேன். அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. ரசம் இருக்கிறது, சுட வைத்துக்கொள். பீரோ சாவி ஜன்னலில்.

நீ கேட்ட மரம் அறுக்கும் மெஷினை மாட்டி முடித்துவிட்டேன். ஆடாமலிருக்க நாலு காலுக்கும் தரையில் போல்ட் போட்டாயிற்று. பிளேடு மேலிருக்கும் கவரைக் கழட்டாதே. பலகையின் கடைசித் துண்டைக் கையால் தள்ளாதே, அதற்குத்தான் பக்கத்தில் குச்சி வைத்திருக்கிறேன்.

நேற்று நான் சொன்னதும் இதே மாதிரிதான். குனிந்து அறுக்கும்போது தாலிக்கொடி பிளேடில் சிக்கும், கழட்டி வைத்துவிட்டு வேலை பார் என்றேன். "லாரிக்குப் போறப்ப பேசற பேச்சாங்க இது?" என்று அழுதுவிட்டாய். நானும் போய்ப் படுத்துவிட்டேன். ஜாக்கெட்டுக்குள் சொருகினாலும் குனிந்தால் வெளியே வந்துவிடும்.

சுவிட்சுக்கு மேலே ஆணி அடித்திருக்கிறேன்.

காளிதாஸ்

அந்த ஆணியில் தாலி தொங்கினால்தான் சுவிட்சைத் தொட வேண்டும். ரோட்டில் என்னை நான் பார்த்துக்கொள்கிறேன். கட்டினவன்தான் சொல்கிறேன், கழட்டி மாட்டு சாமி.